ஒரு கிணற்று நீரில் சந்திக்கும் மூன்று துறைகள்
கண்டிப் பகுதித் தமிழ்மொழி மூல விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்பிட்டிய, தென்னக்கும்புர, கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளை ஆகிய இடங்களிலும் கண்டி நகரிலும் தமிழ்மொழி மூலம் உயர்தர மாணவர்க்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய பாடங்களைக் கற்பித்துவரும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

இலங்கையின் விஞ்ஞான வரலாற்றில் நீண்ட காலமாக நடந்துவரும் தேடல்களில் ஒன்று, தங்கள் பாடசாலைகளிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையக்கூடிய ஆய்வுகூடங்களிலேயே பெருமளவுக்கு நடைபெற்று வந்துள்ளது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறையும் மருத்துவ பீடமும், ஹந்தானையில் அமைந்துள்ள, 1981இல் நிறுவப்பட்ட தேசிய அடிப்படை ஆய்வு நிறுவகமும், கண்டிப் பெரியாஸ்பத்திரி என்று மக்கள் இன்றும் அழைக்கும் தேசிய வைத்தியசாலையின் சிறுநீரகப் பிரிவும் அத்தேடலில் பங்குகொண்டவை. காரணம் உறுதிப்படுத்தப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய் என்பதே தேடப்பட்ட பொருள். கண்டறிந்தவை பெரும்பாலும் ஆங்கில ஆய்விதழ்களில் வெளிவந்துள்ளன; தமிழில் படிக்கும் மாணவரோ அவற்றைப் பத்திரிகைத் தலைப்புகளாகவும், தேர்தல் மேடைகளில் ஒலித்த குற்றச்சாட்டுகளாகவும் மட்டுமே அறிந்துள்ளனர். இந்த ஆய்வுகள் தமிழ் வகுப்பறைக்குள் முறையாகக் கொண்டுவரப்பட வேண்டும் என்பதும், கொண்டுவரப்படும்போது ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் அதற்குரிய எடை மட்டுமே கொடுக்கப்பட வேண்டும் என்பதும் இம்மடலின் வேண்டுகோளாகும்.

நோயின் வரலாறு 1990களில் தொடங்குகிறது. வடமத்திய மாகாணத்தில் மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய ஆகிய விவசாயப் பிரதேசங்களிலிருந்து வைத்தியசாலைகளுக்கு வந்த சிறுநீரக நோயாளர் பலரிடம் நீரிழிவும் இல்லை, உயர் குருதியமுக்கமும் இல்லை என்பதை வைத்தியர்கள் கவனித்தனர். உலகெங்கும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்குப் பெருங்காரணங்களாக இருப்பவை இவ்விரண்டுமே என்பதால், அவை இல்லாமல் சிறுநீரகம் பழுதடைவது விளக்கம் வேண்டிய புதிராயிற்று. மகாவலி கங்கை கண்டியைச் சுற்றி வளைந்து சென்று இறங்கும் சமவெளியில், மகியங்கனைக்கு அண்மையில் உள்ள கிராந்துருகோட்டை, பின்னர் நோயின் மற்றொரு முக்கிய மையமாக அறியப்பட்டது. அங்கு நடைபெற்ற களச் சிகிச்சைகளும் ஆய்வுகளும் கண்டியின் சிறுநீரக மருத்துவர் திலக் அபேசேகரவின் பெயரோடு நெருங்கிய தொடர்புடையவை. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு அநுராதபுரம், பொலனறுவை, பதுளை மாவட்டங்களில் நடத்தப்பட்டு 2013இல் வெளியிடப்பட்ட மக்கள்தொகை ஆய்வு, வயதுக்கேற்பச் சீராக்கப்பட்ட நோய்ப்பரம்பலை ஆண்களில் 12.9 வீதமாகவும் பெண்களில் 16.9 வீதமாகவும் கணித்தது. வீதத்தில் பெண்கள் முந்தி நின்றாலும், நோய் முற்றிய கட்டங்களில் ஆண்களே அதிகமாகக் காணப்பட்டனர். புள்ளிவிபரத்தை ஒரே எண்ணில் சுருக்கும்போது எது மறைந்துபோகிறது என்பதை மாணவருக்குக் காட்ட இதைவிடப் பொருத்தமான உதாரணம் வேண்டியதில்லை.

உயிரியல் ஆசிரியருக்கு உரிய பகுதி இழையத்தில் உள்ளது. சிறுநீரகத்தின் தொழிற்பாட்டு அலகாகிய சிறுநீரகத்தியில், குருதியை வடிகட்டும் கலன்கோளமும், வடிதிரவத்திலிருந்து உடலுக்குத் தேவையானவற்றை மீள அகத்துறிஞ்சும் நுண்குழாயும் உள்ளன என்பது பாடநூலில் உள்ள செய்தி. நீரிழிவால் சிறுநீரகம் சேதமடையும்போது பாதிப்பு பொதுவாகக் கலன்கோளத்தில் தொடங்குகிறது. அதனால் சிறுநீரில் அல்புமின் என்னும் புரதம் முன்கூட்டியே மிகுதியாக வெளியேறி எச்சரிக்கை தருகிறது. பேராதனையின் நோயியல் பேராசிரியர் நீலகாந்தி ரத்னதுங்கவும், ஜப்பானின் கியோட்டோப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், திலக் அபேசேகரவும் இணைந்து, பயொப்சி மூலம், அதாவது ஊசியால் எடுக்கப்பட்ட சிறு இழையத் துண்டுகளை நுணுக்குக்காட்டியில் பரிசோதிப்பதன் மூலம் செய்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. வடமத்திய மாகாண விவசாயிகளில் முதன்மையாகப் பாதிக்கப்பட்டிருப்பவை நுண்குழாய்களும் அவற்றுக்கு இடைப்பட்ட இழையமுமே என்பதை அது காட்டியது. நுண்குழாய்கள் மெலிந்து அழிகின்றன. அவற்றைச் சூழ நார்த்தன்மையான தழும்பு படர்கிறது. தொடக்கக் கட்டங்களில் பொதுவாக உடல் வீங்குவதில்லை, சிறுநீரில் பெருமளவு புரதம் செல்வதில்லை, வலியும் இல்லை. குருதியில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருள் உயர்ந்துவிட்டதைப் பரிசோதனை காட்டும்வரை மனிதர் வயலில் வேலை செய்துகொண்டே இருக்கிறார். நோய் இத்தனை காலம் மறைந்து பரவியதற்கு இந்த அமைதி ஒரு காரணம். கலன்கோளம் எங்கே, நுண்குழாய் எங்கே என்று படத்தில் பெயர் குறிக்கும் மாணவர், அந்தப் பெயர்களுக்கிடையிலான வேறுபாடு ஒரு குடும்பத்தின் விதியை எப்படி மாற்றுகிறது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

நுண்குழாயைத் தாக்குவது எது என்ற கேள்விக்கு விடை தேடி முதலில் நிலத்தின் பக்கம் திரும்பியவர்கள் புவிச்சரிதவியலாளர்களே. ஆண்டு மழைவீழ்ச்சி 1750 மில்லிமீற்றருக்குக் குறைவான உலர் வலயத்தில் நோய் உள்ளது. மழை மிகுந்த ஈர வலயத்தில் அது பரவலாக இல்லை. பேராதனையில் சி.பி. திசாநாயக்க, ரோஹண சந்திரஜித் ஆகியோர் பல ஆண்டுகள் செய்த நிலத்தடிநீர் ஆய்வுகள் இந்த வேறுபாட்டுக்கு இரசாயன விளக்கம் தந்தன. பயோரைட்டு, ஹோன்பிளெண்டு, அப்பரைட்டு முதலிய கனிமங்களில் புளோரைட்டு இயற்கையாகவே உண்டு. பாறை வானிலையாலழியும்போது அது நீரில் கரைகிறது. அம்பிட்டிய போன்ற மலைச்சரிவுகளில் பெருமழை அதனைக் கழுவிச் சென்றுவிடுவதால் ஊற்றுநீரும் கிணற்றுநீரும் மென்னீராகவே இருக்கின்றன. சமவெளியிலோ மாதக்கணக்கான வறட்சியில் நீர் ஆவியாகி, எஞ்சிய நீரில் புளோரைட்டும் கல்சியமும் மகனீசியமும் செறிகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள புளோரைட்டு வழிகாட்டி எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், உலர் வலயக் கிணறுகள் பல அதனைத் தாண்டியவை. சிறுவரின் பற்களில் தோன்றும் பழுப்புக் கறையை அந்தக் கிராமங்கள் நோய்க்கு முன்பிருந்தே அறிந்திருந்தன.

எனினும் புளோரைட்டு மட்டுமே காரணம் என்ற முடிவுக்கு அந்த ஆய்வாளர்கள் தாவவில்லை என்பது கவனிக்கத்தக்கது. புளோரைட்டு மிகுந்தும் நோயில்லாத ஊர்கள் இருந்தன. 2011இல் சந்திரஜித்தும் சகஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, நோயுள்ள ஊர்களின் நீரில் கல்சியத்தோடு ஒப்பிடுகையில் சோடியம் குறைவாகவும், நோயற்ற ஊர்களின் நீரில் அது மிகவும் கூடுதலாகவும் இருப்பதைக் காட்டி, புளோரைட்டின் தீங்கு அதனுடன் கூட வரும் அயன்களைப் பொறுத்து மாறக்கூடும் என்று கருதியது. நீரின் வன்மை மட்டுமே காரணம் என்ற எதிர்த்திசை எளிமைப்படுத்தலையும் தமிழ் மாணவர் தம் அனுபவத்தைக்கொண்டே சோதிக்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணறுகள் சுண்ணக்கல்லில் தோண்டப்பட்டவை. அவற்றின் நீர் சவர்க்காரம் நுரைக்காத வன்னீர் என்பதை அங்கு உறவினர் உள்ள எவரும் அறிவர். ஆனால் இந்நோய் அங்கு பரவலாகக் காணப்படவில்லை. ஆகவே வன்மை தனித்து நின்று நோயை உண்டாக்குகிறது என்று கூற முடியாது.

தனித்தனியே குற்றமற்றவையாகத் தெரியும் பொருட்கள் கூடும்போது என்ன நிகழ்கிறது என்ற கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது. அதற்குச் சோதனை வடிவம் கொடுத்த ஆய்வு, அம்பிட்டியவிலிருந்து சில கிலோமீற்றர் தொலைவில் உள்ள ஹந்தானை நிறுவகத்தோடு தொடர்புடையது. ஹாசினி வாசனாவும் ஜயசுந்தர பண்டாரவும் வேறு சிலரும் இணைந்து 2017இல் வெளியிட்ட அவ்வாய்வில், கட்மியம், ஆசனிக்கு, அலுமினியம், புளோரைட்டு, வன்மை ஆகியவற்றை வெவ்வேறு சேர்க்கைகளில் கொண்ட நீர் எலிகளுக்குக் குடிக்கக் கொடுக்கப்பட்டு, அவற்றின் சிறுநீரக இழையம் பரிசோதிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் அனுமதிக்கும் உச்ச அளவுகளிலேயே கூட, கட்மியமும் புளோரைட்டும் வன்மையும் ஒன்றுசேரும்போது எலிகளின் சிறுநீரகத்தில் கடுமையான சேதம் ஏற்பட்டது. குடிநீர்த் தரநியமங்கள் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி எல்லை வகுக்கின்றன. ஆனால் எந்த மனிதரும் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் குடிப்பதில்லை. ஒரு கிணற்று நீரைப் பரிசோதித்து, அட்டவணையின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ‘எல்லைக்குள்’ என்று எழுதிக் கொடுத்தால், அக்கிணறு பாதுகாப்பானது என்று பொருளாகுமா என்ற வினாவை இவ்வாய்வு உலகுக்கே எழுப்புகிறது. எலியிற் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. எலியின் ஆயுளும் மனிதரின் ஆயுளும், எலி பெற்ற அளவும் விவசாயி இருபது ஆண்டுகள் பெறும் அளவும் வேறு. ஆயினும் இக்கேள்வியின் முக்கியத்துவம் அதனால் குறைவதில்லை. உலர் வலயத்தின் கிணறுகளுக்காகக் கண்டியில் கேட்கப்பட்ட இந்தக் கேள்வி, நிலத்தடிநீரை நம்பி வாழும் எந்த நாட்டுக்கும் பொருந்தும் என்பதில் இந்நகரத்து மாணவர் பெருமை கொள்ள உரிமையுண்டு.

மலைநாட்டையும் சமவெளியையும் நேரடியாக இணைக்கும் கருதுகோளும் ஒன்று இருந்தது. மலைச்சரிவுகளின் தேயிலைக்கும் மரக்கறிக்கும் இடப்படும் பொசுபேற்று உரங்களில் மாசாகக் கலந்துள்ள கட்மியம், தென்னக்கும்புரவைக் கடந்து செல்லும் அதே மகாவலியில் கரைந்து, வாய்க்கால்கள் வழியே உலர் வலயக் குளங்களையும் நெல்லையும் மீனையும் அடைகிறது என்பது அதன் சாரம். 2008இல் பேராதனை விவசாய பீடத்தின் பண்டாரவும் மற்றவர்களும் நெல்லிலும் திலாப்பியா மீனிலும் கட்மியம் உயர்ந்திருப்பதாக வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவூட்டியது. பின்னர் சாரங்க தியபலனகேயும் சகஆய்வாளர்களும் மகாவலியின் நீரை மேற்பகுதியிலிருந்து கீழ்ப்பகுதிவரை அளந்து 2016இல் வெளியிட்ட கட்டுரை, மகாவலி நீர்ப்பாசனம் இந்நோயின் முதன்மைக் காரணமல்ல என்ற முடிவுக்கு வந்தது. இரண்டும் ஒரே பல்கலைக்கழகச் சூழலில் வளர்ந்த ஆய்வுகள். பின்னது முன்னதின் முக்கிய இணைப்பொன்றை அளந்து பார்த்துத் தளர்த்தியது. முன்னைய ஆய்வாளர்கள் பிழைவிட்டவர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. சோதிக்கக்கூடிய வடிவில் ஒரு கருதுகோளை வைத்ததாலேயே அது சோதிக்கப்பட்டது என்பதை வகுப்பில் நின்று விளக்கவேண்டிய பொறுப்பு ஆசிரியருக்கு உண்டு.

அப்படிச் சோதிக்கப்படுவதற்கு முன்பே ஒரு கருதுகோள் சட்டமாகியதற்கும் இந்நோயின் வரலாற்றிலேயே உதாரணம் உண்டு. ரஜரட்டைப் பல்கலைக்கழகத்தின் சன்ன ஜயசுமணவும் வேறு இருவரும் 2014இல் வெளியிட்ட கட்டுரை, கிளைபோசேட் என்னும் களைநாசினி வன்னீரிலுள்ள உலோக அயன்களைப் பற்றிக்கொண்டு, உடலில் எளிதில் சிதையாத சேர்வையாகிச் சிறுநீரகத்தை அடையக்கூடும் என்று முன்மொழிந்தது. அக்கட்டுரையின் தலைப்பு கேள்விக்குறியோடு முடிந்தது. இவைதாமா குற்றவாளிகள் என்றே அது கேட்டது. பொதுவெளிக்கு வந்தபோது கேள்விக்குறி உதிர்ந்துவிட்டது. 2015இல் கிளைபோசேட் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. 2022இல் தடை முற்றாக நீக்கப்பட்டது. தடை விதிக்கப்பட்டபோதும் நீக்கப்பட்டபோதும் அதன் சுமையை நேரடியாகத் தாங்கியவர்கள் தலாத்துஓயா, ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தோட்டங்களில் மண்வெட்டியோடும் மருந்துத் தெளிகருவியோடும் நின்ற மலையகத் தொழிலாளர்கள். பல்லாண்டுகள் அந்தக் களைநாசினி தெளிக்கப்பட்ட தேயிலை மலைகளில் இந்நோய் பரவலாகத் தோன்றவில்லை என்பது கருதுகோளுக்கு எதிரான வாதமாக முன்வைக்கப்படுகிறது. மலையின் நீர் மென்னீர் என்பதால் உலோகச் சேர்வை அங்கு உருவாகாது என்பது ஆதரவாளரின் மறுமொழி. இரண்டு வாதங்களும் இரசாயன வகுப்பில் எடைபோடத்தக்கவை.

விடயம் அத்துடன் முடிந்துவிடவுமில்லை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் இலங்கையர் நிஷாத் ஜயசுந்தரவும் மற்றவர்களும் 2023இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, நோய்ப் பிரதேசக் கிணறுகளில் 44 வீதமானவற்றில் கிளைபோசேட் கண்டறியப்பட்டது. நோயற்ற பிரதேசத்தில் அது 8 வீதமே. வன்னீரில் அது நீண்ட காலம் நிலைத்திருக்கக்கூடும் என்ற பழைய ஊகத்துக்கு இது துணைசெய்கிறது. ஆயினும் கிணற்றில் இருப்பதும் நோய்க்குக் காரணமாவதும் ஒன்றல்ல. தடைக்கு ஆதரவாகப் பேசியவர்கள் 2014இலேயே எல்லாம் நிறுவப்பட்டுவிட்டது என்றும், எதிராகப் பேசியவர்கள் ஆதாரமே கிடையாது என்றும் கூறினர். இரு சாராரும் அளவீட்டை விஞ்சிப் பேசினர் என்பதே இம்மடலின் கருத்து. முழு அறிவு கிடைக்கும்வரை அரசு கைகட்டி நிற்கவேண்டும் என்று யாரும் கூற முடியாது; முன்னெச்சரிக்கையாகச் செய்யும் நடவடிக்கையை முன்னெச்சரிக்கை என்றே அறிவித்து, அதன் விளைவை அளக்க ஏற்பாடும் செய்திருந்தால், அந்த ஆண்டுகள் பெரும் அறிவைத் தந்திருக்கும். அது நடைபெறாமற் போனது இழப்பே.

உலகின் வேறு மூலைகளிலும் இதையொத்த நோய் வேறு பெயர்களில் நடமாடுகிறது. எல் சல்வடோரின் வைத்தியர்கள் 2002இல் காரணமறியாச் சிறுநீரக நோயை விபரித்தனர். மத்திய அமெரிக்காவின் பசுபிக் கரையில் கரும்பு வெட்டுவோர் அதற்குப் பலியாகின்றனர். இந்தியாவில் ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியும் அவ்வாறானது. மத்திய அமெரிக்காவில், கொளுத்தும் வெயிலில் நீரின்றிக் கடும் வேலை செய்வதால் சிறுநீரகம் திரும்பத் திரும்பக் காயமடைகிறது என்ற விளக்கம் வலுவாக உள்ளது. இலங்கையில், ஒரே அளவு வெப்பமான எல்லா ஊர்களிலும் நோய் இல்லாததால் வெப்பம் தனித்த காரணமாக ஏற்கப்படவில்லை. நோயைத் தீவிரப்படுத்தும் துணைக்காரணமாக அது கருதப்படுகிறது. பெல்ஜியத்தின் பெஞ்சமின் வெர்வேற்றும் பல நாட்டு ஆய்வாளரும் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கை உட்படப் பல நாடுகளின் நோயாளரில் நுண்குழாய்க் கலங்களின் இலைசோசோம்கள், அதாவது கழிவைச் சிதைக்கும் புன்னங்கங்கள், இயல்புக்கு மாறாகப் பருத்திருப்பதைக் காட்டியது. சிறுநீரக மாற்று சத்திரசிகிச்சைக்குப் பின் கொடுக்கப்படும் சில மருந்துகளின் நச்சுவிளைவோடு இம்மாற்றம் ஒத்திருப்பதால், நோயின் பின்னணியில் ஒரு நச்சுப்பொருள் இருக்கலாம் என்று அவர்கள் வாதித்தனர். அம்மாற்றம் இந்நோய்க்கே உரியதா என்று வேறு நோயியலாளர்கள் பின்னர் கேள்வி எழுப்பினர், விவாதம் தொடர்கிறது.

காரணம் பற்றிய வாதம் தொடர்ந்தபோதே பொறியியலாளர்கள் செயலில் இறங்கினர். நோய் நீரோடு தொடர்புடையதாகத் தோன்றுகிறது, நீரிலுள்ள எந்தப் பொருள் என்பது தெரியாது, ஆகவே நீரிலுள்ள எல்லாவற்றையும் பிரித்துவிடலாம் என்பது அவர்களுடைய தர்க்கம். மக்கள் ஆர்.ஓ. தண்ணீர் என்று அழைப்பது இதன் விளைவே. கரைசலின் பிரசாரண அமுக்கத்தை விஞ்சிய அமுக்கத்தைப் பிரயோகித்து, நீரை ஓர் அரைஉட்புகவிடும் மென்சவ்வினூடாக எதிர்த்திசையில் செலுத்தும் முறை நேர்மாறு பிரசாரணம் எனப்படுகிறது. நீர் கடந்துவிட, அயன்கள் பெரும்பாலும் பின்தங்குகின்றன. இலங்கைக் கடற்படை இத்தகைய நிலையங்களை உள்நாட்டிலேயே வடிவமைத்து, நோய்ப் பிரதேசங்களில் நூற்றுக்கணக்கில் நிறுவியது. பௌதிகவியல் மாணவர் அமுக்கம் என்று கணக்கிடுவதும், உயிரியல் மாணவர் பிரசாரணம் என்று உருளைக்கிழங்குத் துண்டில் அவதானிப்பதும் ஒரு கிராமத்துக் குடிநீர்த் தொட்டியில் ஒன்றாகின்றன.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. உயர் அமுக்கத்துக்கு மின்சாரம் அதிகம் தேவை. உடலுக்கு வேண்டிய மகனீசியம் முதலியனவும் நீங்கிவிடுகின்றன. உட்செல்லும் நீரில் கணிசமான பங்கு உப்புச் செறிந்த கழிவுநீராக வெளியேறுகிறது. பேராதனை மீவத்துரவில் சீன விஞ்ஞானக் கழகத்தின் ஒத்துழைப்புடன் நிறுவப்பட்ட நீர்த் தொழினுட்ப ஆய்வு நிலையம், நனோ வடிகட்டல் என்னும் மாற்றுமுறையை ஆராய்ந்து வருகிறது. அதன் மென்சவ்வு, கல்சியம், மகனீசியம் போன்ற இரட்டையேற்ற அயன்களைப் பெருமளவில் தடுத்து, சோடியம் போன்ற ஒற்றையேற்ற அயன்களை ஓரளவு கடக்கவிடுகிறது. அமுக்கமும் மின்செலவும் குறைவு. ஆனால் புளோரைட்டும் ஒற்றையேற்ற அயனே என்பதால், புளோரைட்டு மிகவும் கூடிய கிணற்றுக்கு இம்முறை போதுமா என்பதை ஒவ்வோரிடத்திலும் அளந்தே தீர்மானிக்க வேண்டும். 1990களில் இலங்கையில் ஊக்குவிக்கப்பட்ட எளிய வீட்டு வடிகட்டியொன்றும் நினைவுகூரத்தக்கது: சுட்ட செங்கல்லின் துண்டுகளிலுள்ள அலுமினிய, இரும்பு ஒட்சைட்டுகள் புளோரைட்டைத் தம் மேற்பரப்பில் பிடித்துவைக்கும் இயல்பை அது பயன்படுத்தியது. மழைநீர்த் தொட்டியோ எந்த மென்சவ்வும் வேண்டாத தீர்வு. உலர் வலயத்தின் நீண்ட வறட்சியைத் தாங்கும் அளவுக்கு அது பெரிதாகவும் தூய்மையாகவும் இருக்கவேண்டும் என்பதே அதன் நிபந்தனை. பொலனறுவையில் சீன உதவியுடன் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்ட சிறுநீரக விசேட வைத்தியசாலை நோயுற்றவருக்குப் பேருதவி. அங்கு செல்லத் தேவையில்லாதபடி செய்யும் வேலை குழாய்நீரைக் கொண்டு சேர்ப்போருடையது.

இவ்வளவையும் ஆசிரியப் பெருமக்களின் முன் வைப்பதற்குப் பாடசாலை அமைப்போடு தொடர்புடைய காரணம் ஒன்று உண்டு. பதினாறு வயதில் மாணவர் உயிரியல் பிரிவு, கணிதப் பிரிவு எனப் பிரிக்கப்படுகின்றனர். அதன்பின் முதலாமவர் மென்சவ்வின் அமுக்கத்தைக் கணிக்கவேண்டிய தேவையற்றவராகவும், இரண்டாமவர் சிறுநீரகத்தியின் பெயரையே மறக்கலாம் என்ற நிலையிலும் வளர்கின்றனர். இவ்வாய்வின் முக்கிய முன்னகர்வுகளைச் செய்த புவிச்சரிதவியல், உயர்தரத்தில் தனிப் பாடமாகவே இல்லை. பிரிவுகளை மாற்றியமைப்பது தங்கள் கையில் இல்லை. ஆனால் இரசாயனவியல் இரு பிரிவினருக்கும் பொதுவான பாடம். நீரின் வன்மையை ஈ.டி.டி.ஏ. நியமிப்பால் அளக்கும் செய்முறையை எந்த இரசாயன ஆய்வுகூடத்திலும் செய்யலாம். அம்பிட்டியவின் ஊற்றுநீரையும், விடுமுறைக்குச் சென்று திரும்பும் மாணவர் வவுனியாவிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போத்தலில் கொண்டுவரும் கிணற்றுநீரையும் அருகருகே வைத்து நியமித்தால், இங்கு கூறப்பட்ட புவிச்சரிதவியல் வாதத்தின் பாதியை மாணவர் தம் கையாலேயே கண்டறிவர். அந்த அளவீடு நோயைப் பற்றி எதையும் நிரூபிக்காது என்பதையும் அதே மேசையில் கூறவேண்டும். அவ்வாறு கூறுவதும் செய்முறையின் ஒரு பகுதியாகும்.

தமிழ்மொழி மூல வகுப்புக்கு இதில் தனியான தேவையும் உண்டு. நோய் வடமத்திய மாகாணத்தோடு நின்றுவிடவில்லை. வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை மாவட்டங்களின் சில பகுதிகளிலும் நோயாளர் இனங்காணப்பட்டுள்ளனர். கண்டியில் தங்கிப் படிக்கும் மாணவர் சிலரின் வீடுகள் அப்பகுதிகளில் உள்ளன. அங்குள்ள முதியவருக்கு, குருதியில் கிரியேட்டினின் அளவைப் பார்த்துக்கொள்வது ஏன் அவசியம், வலிக்கென்று கடையில் வாங்கும் மாத்திரைகளை நாட்கணக்கில் விழுங்குவது சிறுநீரகத்துக்கு ஏன் ஆபத்து, வெயிலில் வேலை செய்யும்போது ஏன் போதிய நீர் குடிக்கவேண்டும் என்பவற்றைத் தமிழில் தெளிவாகச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் அந்த வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளையே. அப்பிள்ளை அச்சத்தைக் கொண்டுசெல்லக் கூடாது. ‘உங்கள் கிணறு நஞ்சு’ என்று கூறிவிட்டு மாற்று நீருக்கு வழி காட்டாத பேச்சு பல கிராமங்களில் மக்களை அலைக்கழித்துள்ளது. நோயாளரின் குடும்பங்களில் திருமணப் பேச்சுகள் தடைப்படும் நிலையும் கேள்விப்படாததன்று. இந்நோய் தொற்றாது என்ற ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லத் தெரிந்த மாணவர், அந்தக் கிராமத்துக்கு ஒரு சேவை செய்தவராவார்.

ஆகவே இம்மடல் முன்வைக்கும் கோரிக்கைகள் சிலவே. இங்கு குறிப்பிடப்பட்ட ஆய்வுகளின் சுருக்கங்களைத் தமிழாக்கி, எந்த முடிவு எத்தகைய ஆதாரத்தில் நிற்கிறது, எலியிலா, இழையத்திலா, கிணற்று நீரிலா, மக்கள்தொகையிலா என்ற குறிப்புடன், பாடசாலைகள் தமக்குள் பகிர்ந்துகொள்ளட்டும். பேராதனையிலும் ஹந்தானையிலும் பணியாற்றும் தமிழ்பேசும் விரிவுரையாளர்களும் ஆராய்ச்சி மாணவர்களும் அத்தமிழாக்கத்தைச் சரிபார்க்க முன்வரட்டும். தவணைக்கு ஒருமுறையேனும் இரு பிரிவு மாணவரும் ஒன்றாக அவ்விடங்களுக்கு அழைத்துச் செல்லப்படட்டும். ஆய்வாளரிடம் மாணவர் கேட்கவேண்டிய கேள்விகள் இன்னும் நிறைய எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்று எந்தப் பாடநூலிலும் விடை எழுதப்படாதது: நேர்மாறு பிரசாரண நிலையங்கள் நாள்தோறும் வெளியேற்றும் உப்புச் செறிந்த கழிவுநீர், அவை அமைந்துள்ள கிராமங்களின் மண்ணுக்கே திரும்பச் செல்கிறது, பத்து, இருபது ஆண்டுகளில் அது அயலிலுள்ள கிணறுகளை என்ன செய்யும், அதனை எங்கே, எப்படிச் சேர்ப்பது? இதற்கு உயிரியல் மாணவரும் கணித மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்தே விடை தேட முடியும். அந்த மேசை பேராதனையில் போடப்படுவதற்கு முன்னர் தங்கள் வகுப்பறைகளில் போடப்பட வேண்டும் என்று இம்மடல் கேட்டுக்கொள்கிறது.

இங்ஙனம்,
தமிழ்மொழி மூல விஞ்ஞானக் கல்வியில் அக்கறை கொண்டோர் சார்பில்,
அம்பிட்டிய.